படித்துவிட்டு அழுத்தவும்

புதுப் போன் வாங்கினால் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு புத்தகம் இருக்கும். அதைப் பிரித்துப் பார்த்த ஒரு மனிதரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள், மேடம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தப் போன் நான் உள்ளே வந்ததிலிருந்து உங்களிடம் ஏதோ சொல்லப் பார்க்கிறது. மூன்று தடவை விரலால் தள்ளிவிட்டீர்கள். என்ன சொன்னது என்று கேட்டால் உங்களுக்குத் தெரியாது.

வாக்குமூலத்தை நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பதினேழு வருடமாகப் போன் பழுது பார்க்கிறேன். வணிக வளாகத்தில் இரண்டாவது மாடி, படி ஏறியதும் இடது பக்கம். முன்னால் ஒரு கவுண்டர், நான்கு நாற்காலி. மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் வேலை மேசை. மற்ற கடைக்காரர்கள் உடைந்த கண்ணாடியை மாற்றுவார்கள், பேட்டரி மாற்றுவார்கள், பின்னட்டையில் பூப்படம் ஒட்டிக் கொடுப்பார்கள். நான் செய்வது வேறு. கம்பெனி கைகழுவிவிட்ட பழைய போனில் புது ஆண்ட்ராய்டு ஏற்றிக் கொடுப்பேன். அதற்கு முதலில் பூட்லோடரைத் திறக்க வேண்டும். அதனால் வளாகத்தில் எனக்குப் பெயரே 'பூட்டு'. என் சொந்தப் பெயரைக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரனே பேந்தப் பேந்த விழிப்பான்.

போனை ஆன் செய்ததும் எல்லாவற்றுக்கும் முன்னால் கண்விழிக்கும் சின்ன நிரல்தான் பூட்லோடர். கம்பெனி கொடுத்த மென்பொருளைத் தவிர வேறெதையும் அது உள்ளே விடாது. அதன் பூட்டைத் திறந்துவிட்டால் நமக்கு வேண்டியதை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் திறக்கிற அந்த நொடியில் போனில் இருப்பது அத்தனையும் அழிந்துபோகும். படம், எண், பேச்சு, ஒன்றும் மிஞ்சாது. போன் திருடன் கையில் சிக்கினாலும் உள்ளே இருப்பது சிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதையும் சொல்லாமல் செய்வதில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், ஏழே வரியில், எல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்கும். சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்தினால் சம்மதம். குறைக்கும் பொத்தானை அழுத்தினால் வேண்டாம். ஒரு இயந்திரம் மனிதனிடம் இதைவிட மரியாதையாகப் பேச முடியாது.

ஆரம்பத்தில் நானே வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் போய்விடும், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் மூன்று தடவை. தலையைத் தலையை ஆட்டுவார்கள். ஆட்டிக்கொண்டே இன்னொரு போனில் வீடியோ பார்ப்பார்கள். ஒரு பல் டாக்டர், ஊருக்கெல்லாம் பல்லைத் துலக்கச் சொல்லிக் கொடுக்கிற மனுஷன், சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போய் மறுநாள் வந்து வளாகத்தையே கூட்டினார். "நீ சொல்லவே இல்லையேய்யா. சொல்லியிருந்தா நான் என்ன முட்டாளா?" என்றார். நான் சொன்னதற்குச் சாட்சி இல்லை. இருபது பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து வாயால் சொல்வதை நிறுத்தினேன்.

அதற்குப் பதில் ஒரு முறை வைத்துக்கொண்டேன். கேபிளைச் சொருகி, கட்டளை கொடுத்து, அந்த ஏழு வரி திரையில் வந்ததும் போனை அவரவர் கையில் கொடுத்துவிடுவேன். "படிச்சுட்டு அமுக்குங்க" என்பேன். அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளரின் சம்மதப் பொத்தானைக்கூட நான் அழுத்தியதில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழு வரி படிக்க எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்கள். மெதுவாகப் படித்தால் பதினைந்து நொடி. சராசரியாக அவர்கள் எடுத்துக்கொண்டது இரண்டு நொடி. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியவர்கள் உண்டு. என்னைப் பார்த்துக்கொண்டே அமுக்கியவர்கள் உண்டு. பிறகு போன் புதிதாகப் பிறந்ததுபோல் வணக்கம் சொல்லிக்கொண்டு எழும். "அட, புதுசு மாதிரி ஆயிடுச்சே" என்று பல்லிளிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் படங்கள் இருந்த இடத்தைத் தொடுவார்கள். தொட்டதும் முகம் மாறும். அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. வகுப்பில் கவனிக்காதவனைத் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்கிற வாத்தியாருக்கும் அந்தச் சந்தோஷம் இருக்கும்.

இதற்குள் என்னைக் கொடுமைக்காரன் என்று முடிவுகட்டியிருப்பீர்கள். உங்கள் பேனாவின் வேகத்திலேயே தெரிகிறது. அவசரப்படாமல் அடுத்ததையும் கேளுங்கள். உண்மையில் யாருடையதும் அழியவில்லை. போனை என்னிடம் விட்டுப்போன அன்றே, அவரவருக்குத் தெரியாமல், ஒன்று விடாமல் நகல் எடுத்துவிடுவேன். என் அலமாரியிலிருந்து நீங்கள் எடுத்துவந்த ஹார்டு டிஸ்க்குகளில் எண்பத்துமூன்று பேருடையது இருக்கிறது. பல் டாக்டர் மாதிரிப் படித்தவர்கள்தான் பாதிக்கு மேல்.

என் நிபந்தனை ஒன்றுதான். வந்து நின்று, என் தப்பு, படிக்காமல் அமுக்கிவிட்டேன் என்று யார் சொன்னாலும் அந்த நிமிடமே நகலைக் கையில் கொடுத்துவிடுவது. நிபந்தனையை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்களே தவிர உறைக்காது. தானாக வர வேண்டும். வரவில்லை. கம்பெனி மோசம் என்பார்கள், போன் மட்டம் என்பார்கள், நான் திருடன் என்பார்கள். ஒரு மாமனாரும் மருமகனும் பேரன் பிறந்த அன்றைய படங்களுக்காக என் கவுண்டரிலேயே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். "மாப்ள, அவசரக்குடுக்கைக்குப் பொண்ணக் குடுத்தேனே, என்னச் சொல்லணும்" என்று மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். நான்கடி தள்ளி, தடுப்புக்குப் பின்னால், அந்தக் குழந்தை என் டிஸ்க்கில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இருவரில் ஒருவர் என் தப்பு என்று சொல்லியிருந்தால் போதும்.

சரி, நீங்கள் கேட்பது தையல்காரம்மாவைப் பற்றி.

கீழே படிக்கட்டுக்கு அடியில் ஒரு மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார். கிழிசல் தைப்பது, கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது. என் கால்சட்டைகளுக்கும் அவர்தான். ஒரே மகள், மருந்துக்கடையில் வேலை, பத்தொன்பது வயது. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். வளாகமே கடையடைத்துவிட்டுப் போனது. நானும் போனேன். ஒரு மூலையில் நின்றுவிட்டு வந்தேன்.

அதற்கு நான்கு மாதம் கழித்துப் போனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். பழைய போன், அவருடையது. மகள் அனுப்பிய குரல் செய்திகள் அதில்தான் இருந்தன. அவற்றைக் கேட்கிற செயலி, இந்தப் போன் பழையதாகிவிட்டது, இனி இயங்க மாட்டேன் என்று திரையை மறித்துக்கொண்டு நின்றது. யாரோ புது ஆண்ட்ராய்டு போட்டால் சரியாகும், பூட்டிடம் போ என்று சொல்லியிருக்கிறார்கள். அரைகுறைகள்.

"தினமும் தைக்க உக்காரும்போது ஒண்ணு ரெண்டு கேப்பேன் தம்பி. இப்ப ஒரு வாரமா தொறக்க மாட்டேங்குது. கை ஓடல" என்றார்.

குரல் செய்தி ஒவ்வொன்றும் போனுக்குள் தனித்தனிக் கோப்பாகத்தான் இருக்கும். எடுத்து ஒரு மெமரி கார்டில் போட்டுக் கொடுத்திருந்தால் எந்தப் போனிலும் பாடும். பத்து நிமிட வேலை, பூட்லோடரைத் தொடவே வேண்டாம். இது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அவர் கேட்டது புது ஆண்ட்ராய்டு. கேட்டதைச் செய்வதுதான் தொழில்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். பூட்டைத் திறக்க விண்ணப்பம் போட்டால் உடனே அனுமதி தராது. ஏழு நாள் காக்க வைக்கும், ஒருவேளை மனம் மாறுமோ என்று. போனை என்னிடம் விட்டுவிட்டு ஏழு நாளும் அந்த அம்மா மாடி ஏறி வந்தார். "இன்னிக்காச்சும் ஆயிடுமா தம்பி?" என்பார். "இன்னும் அஞ்சு நாள்மா." "இன்னும் நாலு நாள்மா." யோசித்துப் பாருங்கள், ஏழு நாள். இந்த ஏழு நாளில் யாரிடமாவது விசாரித்திருக்கலாம். திறந்தால் என்ன ஆகும் என்று வளாகத்தில் எந்தப் பொடியனும் சொல்லியிருப்பான். ஒருவருக்கு இதற்கு மேல் எவ்வளவு வாய்ப்பு கொடுக்க முடியும்.

எட்டாம் நாள் காலை அனுமதி வந்தது. கேபிளைச் சொருகினேன், ஏழு வரி வந்தது, போனை நீட்டினேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார்.

"அவ பேசுனதெல்லாம் போயிடாதில்ல தம்பி?"

"ஸ்கிரீன்ல எல்லாம் தெளிவா இருக்கும்மா. படிச்சுட்டு அமுக்குங்க."

"எனக்கு எங்க தம்பி படிக்கத் தெரியும்? அதனாலதான் அவ எல்லாத்தையும் பேசிப் பேசி அனுப்புவா. நீங்களே படிச்சுச் சொல்லுங்களேன்."

"அடுத்தவங்க போன்ல வர்றத நான் படிக்கறதில்லம்மா. கடை விதி."

அப்படி ஒரு விதி இல்லை. அப்போதுதான் தோன்றியது. ஆனால் நல்ல விதிதான்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க இருக்கீங்க, எனக்கென்ன பயம்" என்றார். எது சம்மதப் பொத்தான் என்று கேட்டார். மேலே இருப்பது என்றேன். அதற்குப் பதில் சொல்வதில் தப்பில்லை என்று பட்டது. அமுக்கினார்.

இந்த இடத்தில் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள், இன்னும் இருக்கிறது.

குய்யோ முறையோ என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. புது ஆண்ட்ராய்டு ஏற்றி, செயலியைப் போட்டு, திறந்து காட்டினேன். வெறுமையாக இருந்தது. விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். பிறகு, எண்பத்திரண்டு பேருக்கும் வாயில் வராத வார்த்தை, ஒரு நிமிடத்தில் அவர் வாயிலிருந்து வந்தது.

"என் தப்புதான் தம்பி. என்னன்னு தெரியாமலே அமுக்கிட்டேன். நீங்க படிச்சுட்டு அமுக்குன்னுதான சொன்னீங்க."

என் நிபந்தனைப்படி அப்போதே எழுந்துபோய் நகலை எடுத்து வந்திருக்க வேண்டும். எழுந்தேன். தடுப்புக்குப் பின்னால் போனேன். ஆனால் சரிபார்க்காமல் எதையும் கொடுத்துப் பழக்கமில்லை. இருநூற்றுப் பதினான்கு கோப்பு, ஒன்றிரண்டு கெட்டுப்போயிருக்கலாம். மதியம் கேட்டுப் பார்த்துவிட்டு நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். திரும்பி வந்து, "போனது போனதுதாம்மா" என்றேன். நாளைக்குத்தானே கொடுக்கப் போகிறோம், ஒரு நாள் தெரியாமல் இருந்தால் என்ன என்று எண்ணினேன்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, முதல் கோப்பைப் போட்டேன். "அம்மா, சாப்டியா? நான் கடைல இருக்கேன். இன்னிக்கு ஒரு தாத்தா வந்து, தூக்க மாத்திரை குடு, ஆனா எனக்குத் தூக்கம் வரக் கூடாதுன்றாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பதினேழு நொடி. கோப்பு நன்றாகவே இருந்தது.

எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் 'ரெடியாயிடுச்சா' என்பதோடு சரி. அதைப் புகாராகச் சொல்லவில்லை. அன்று பன்னிரண்டு கோப்பு சரிபார்த்தேன். மறுநாள் இன்னும் பன்னிரண்டு. முழுதும் முடியாமல் எப்படிக் கொடுப்பது. முடிந்தபோது முதலில் பார்த்தவை நினைவில் இல்லை, மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இப்படிப் பதினோரு மாதம் ஓடியது. ஒவ்வொரு கோப்பையும் பதினைந்து தடவைக்கு மேல் ஓட்டியிருப்பதாக என் கணினியின் பதிவிலிருந்து உங்கள் ஆய்வகம் கண்டுபிடித்ததாமே. எண்ணிப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. நல்ல விஷயம், ஏதோ ஒன்றையாவது படிக்கிறார்கள்.

அந்தப் பதினோரு மாதமும் தையல்காரம்மா வாரத்தில் இரண்டு மூன்று தடவை மாடி ஏறி வருவார். மதிய நேரத்தில்தான், அப்போதுதான் அவருக்கு வேலை இருக்காது. கவுண்டருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். "ஏதாச்சும் வழி வந்திருக்கா தம்பி? புதுசு புதுசா என்னென்னவோ கண்டுபிடிக்கறாங்களே." "இல்லம்மா." "சரி தம்பி, நீங்க சாப்பிடுங்க. நான் சும்மா கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்." வெறும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே போய்ச் சாப்பிடுவேன். நடுவில் ஒரு மரத் தடுப்புதான். உட்கார வேண்டாம் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.

பிடிபட்டது என் முட்டாள்தனத்தால். அன்று காலை யாரோ ஒருவருடைய ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பழுது பார்த்து, என் கணினியோடு இணைத்துச் சோதித்தேன். திரையில் ஏதோ ஒரு வரி வந்தது. சரி என்று அமுக்கிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, இந்தக் கருவியை எப்போதும் நினைவில் வைத்துக்கொள்ளவா என்று கேட்டிருக்கிறது. அது வேறு, வேலை அவசரம். ஸ்பீக்கரை அணைக்காமலே கவுண்டரில் கொண்டுபோய் வைத்தேன், வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று. மதியம் என் ஹெட்போனில் சார்ஜ் தீர்ந்தது. கணினி தானாகவே சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டது. காதில் ஒன்றும் கேட்கவில்லையே என்று நான் இரண்டு தடவை சத்தத்தைக் கூட்டினேன்.

வெளியே கவுண்டரில் அவள் பேசினாள். "அம்மா, நான்தான். பஸ்ஸ விட்டுட்டேன். லேட்டாகும். எனக்காகச் சாப்பிடாம உக்காந்திருக்காத, என்ன?"

அந்த அம்மா பதறவில்லை, கத்தவில்லை. "சரிடா கண்ணு. மெதுவா வா" என்றார். அது ஒரு ஸ்பீக்கர் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். தடுப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, என் டப்பாவை, கணினியை, மேசைக்கு அடியை, எல்லாவற்றையும் பார்த்தார். "தம்பி, அவ எங்க?" என்று கேட்டார். வளாகக் காவலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவன்தான் உங்களிடம் வந்தது. அந்த அம்மாவாக வந்திருக்க மாட்டார்.

நேற்று அவரை இந்த அறைக்கு அழைத்து வந்தீர்கள். நான் எண்பத்திரண்டு பேருடைய நகலுக்கும் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு, அவருடைய டிஸ்க்குக்கு மட்டும் கொடுக்கவில்லை என்பதால். அதைப் பத்துத் தடவை தப்பாகப் போட்டால் டிஸ்க் தானாக அழிந்துபோகும் என்பதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். உங்கள் ஆட்கள் நிறுத்திவிட்டார்கள். ஒன்றைப் படித்துவிட்டு நிறுத்தியது அவர்கள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அவர் என்மேல் கோபப்படவில்லை, பார்த்தீர்களா. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கூப்பிக்கொண்டு, "தம்பி, நீங்களே வெச்சுக்கோங்க. எனக்கு வேணாம். ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டுங்க, போதும். நான் போயிடறேன்" என்றார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

நான் நேர்மையாகவே யோசித்தேன். ராத்திரி முழுக்க யோசித்தேன் என்றெல்லாம் கதை விட மாட்டேன், அரை மணி நேரம் யோசித்தேன். முடியாது என்றுதான் படுகிறது. அழித்தது, மறைத்தது, பொய் சொன்னது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், முதலில் முழுதாகப் படித்துவிட்டுப் போடுகிறேன். இது மட்டும் முடியாது. போட்டுக் காட்டினால் என்ன ஆகும் என்று அன்றே பார்த்துவிட்டேனே. அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா குறுக்கே பேசுவார், அழுவார். பாதி வார்த்தை காதில் விழாது. நான் அப்படியில்லை, மேடம். இந்தப் பதினோரு மாதத்தில், சாப்டியா என்று அவள் என்னைக் கேட்ட ஒவ்வொரு தடவையும், முழுதாகப் பேசி முடிக்க விட்டுத்தான் நான் பதில் சொன்னேன்.